அரங்கத்துக்கு என் பெயரை வைக்கச் சம்மதிக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் பெண்கள் கல்லூரியின் முதல்வர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் நான் மாற்றியிருக்கிறேன்.

1993-இல் விரிவுரையாளராகச் சேர்ந்தவர் அவர். 2016-இல் பிரின்சிபால் ஆனார். வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். அவர் காலத்தில் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருக்கிறது, கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் ஏ பிளஸ் வந்திருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு வரும் கிராமத்து மாணவிகளுக்காக 2017-இல் காலை உணவு தொடங்கினார். இன்று 180 பேர் சாப்பிடுகிறார்கள். கல்லூரிக் குழு, புதிதாகக் கட்டிய அரங்கத்துக்கு அவர் பெயரையே வைக்க விரும்புகிறது. அரசுச் சம்பளம் இல்லாமல் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவுக்கு அகாடமிக் டைரக்டராக இன்னும் மூன்று ஆண்டு இருக்கும்படியும் கேட்கிறது. அடுத்து முதல்வராக வரப்போகும் வணிகவியல் துறைத் தலைவருக்கும் இவருக்கும் நெடுநாளாகவே ஒத்துப்போகவில்லை. 'நான் போன மறுமாதமே காலை உணவை நிறுத்திவிடுவார். நான் கட்டியதையெல்லாம் கலைத்துவிடுவார்' என்று பயப்படுகிறார். பிரிவுபசார விழாவில் பத்து வருட உண்மைகளைப் போட்டு உடைத்துவிடலாமா என்றும் தோன்றுகிறதாம். ஜனவரியிலிருந்து விடிகாலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

எட்டுப் பக்கக் கடிதத்தில் ஏழாவது பக்கத்தின் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு, அடுத்த சில மாதங்களில் 14 பேரை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். உத்தரவில் கையெழுத்து இவருடையது. அவர்களில் ஒருவர் இப்போது கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 'அந்தக் கடையைத் தாண்டும்போது கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே மறுபடி அரங்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்வியாக நீங்கள் கேட்டிருப்பவை நான்கு: பெயர்ப் பலகை, டைரக்டர் பதவி, பிரிவுபசார உரை, காலை உணவு. நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றரை மணிக்கு உங்களை எழுப்புவது அந்தக் கார் கண்ணாடிதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதலில் காலை உணவைப் பார்த்துவிடலாம். அதில் நீங்கள் தவறான இடத்தில் ஆபத்தைத் தேடுகிறீர்கள்.

காலை உணவை யார் நிறுத்துவார்?

புதிய முதல்வர் நிறுத்துவார் என்கிறீர்கள். நீங்களே எழுதியிருப்பதை ஒரு முறை திரும்பப் பாருங்கள். பணம் வரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலும், ஓய்வு பெற்ற உங்கள் தோழி ஒருவர் பெயரிலும் இருக்கிறது. நன்கொடை கொடுக்கும் 60 பேரும் உங்கள் போனில் இருக்கிறார்கள். சமைத்துத் தரும் மகளிர் குழுவோடு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். மளிகைக் கடைக்காரர் உங்கள் முகத்துக்காகக் கடன் தருகிறார். இந்த நிலையில் அந்த வணிகவியல் பேராசிரியர் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அவர் அதன் மேல் உயிரையே வைத்திருந்தாலும் ஜூன் மாதம் அது தானாக நின்றுவிடும். பழி மட்டும் அவர் தலையில் விழும்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல காரியங்கள் பெரும்பாலும் ஒருவருடைய கைப்பையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒன்பது வருடம் கழித்தும் அது கைப்பையிலேயே இருப்பதுதான் சிக்கல்.

உங்கள் முன்னாள் மாணவியர் சங்கம் பதிவு செய்யப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மிக நல்லது. அதன் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். மூன்று பேருக்குக் கையெழுத்து அதிகாரம் இருக்கட்டும், அதில் ஒருவர் பதவியில் இருக்கும் முதல்வர், அவர் யாராக இருந்தாலும். நன்கொடையாளர் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முதல்வரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் செய்து அறிமுகப்படுத்துங்கள். அவரோடு பேசுவதே கஷ்டம் என்கிறீர்கள். இந்த 60 போன் பேச்சு முடிவதற்குள் அந்தக் கஷ்டத்தில் பாதி குறையும் என்பது என் அனுபவம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

அப்படியும் அவர் அதை மாற்றலாம். உப்புமாவுக்குப் பதில் கஞ்சி போடலாம், 180 பேரை 120 ஆக்கலாம். 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பல மாணவிகளின் கணக்குக்கு வருகிறது. 2017-இல் நீங்கள் பார்த்த தேவையும் இன்றைய தேவையும் ஒரே மாதிரி இருக்காது. எந்த மாணவிக்கு எது தேவை என்று புதிதாக ஒருவர் கணக்குப் பார்த்தால், அதை உங்களுக்கு எதிரான காரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டைரக்டர் நாற்காலி

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

என் அப்பா ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வருடம் தினமும் காலையில் பள்ளிக்குப் போய்வந்தார். 'சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்' என்பார். அவர் உள்ளே நுழைந்ததும் புதிய தலைமை ஆசிரியர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அப்பாவுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்த மனிதர் ஒரு வருடம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பள்ளியை நடத்தினார் என்பது எனக்கு உறைக்க இருபது வருடம் ஆயிற்று. ஆசிரியர்கள் லீவு கேட்பதைக்கூட அப்பா இருக்கும் நேரம் பார்த்துக் கேட்பார்களாம்.

அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஹெஸ்பர்க் என்ற பாதிரியார் 1952 முதல் 1987 வரை, 35 ஆண்டுகள் தலைவராக இருந்தார். ஆண்கள் மட்டும் படித்த அந்த இடத்தில் 1972-இல் மாணவிகளைச் சேர்த்தது அவர் காலத்தில்தான். பதவியை விட்டதும் அவர் செய்த முதல் காரியம், அத்தனை வருடம் தனக்குத் துணையாக நிர்வாகம் பார்த்த இன்னொரு பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு, படுக்கையும் சமையல் வசதியும் உள்ள ஒரு வண்டியில் ஊர் சுற்றக் கிளம்பியது. பிறகு ஒரு பயணக் கப்பலில் இருவரும் பாதிரியார் வேலை பார்த்தார்கள். புதியவர் தன் காலில் நிற்கும்வரை கண்ணில் படாமல் இருந்துவிட்டு, அப்புறம்தான் வளாகத்துக்குத் திரும்பி, நூலகத்தின் 13-ஆம் மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து தன் வேலைகளைப் பார்த்தார். உங்களுக்கு வண்டியும் கப்பலும் வேண்டாம். மகள் கோவையில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனிலிருந்து கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள். ஒரு வருடம் கல்லூரி விழாக்களுக்கு அழைப்பு வந்தாலும் போக வேண்டாம்.

'இன்னும் இரண்டு வருடம் கிடைத்தால் ஆராய்ச்சி மையத்தை முடித்திருப்பேன்' என்கிறீர்கள். ஏ. லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அந்தக் காலம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை முதல்வர் பதவிக்கு ஐந்து ஆண்டு, மதிப்பீடு செய்து இன்னும் ஐந்து ஆண்டு என்றுதான் வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் பத்தும் முழுதாகக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பதினான்கு பேர்

இப்போது ஏழாவது பக்கத்துக்கு வருகிறேன். 'நிர்வாகம் முடிவெடுத்தது, நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். சட்டப்படி அவர்களுக்கு நாம் எதுவும் தர வேண்டியதில்லை என்று செயலர் சொன்னார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டாவது பாதி தவறு.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, பற்றி 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது. ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். உங்கள் செயலர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்தது, அதுவும் 3.4.1997 முதல் செல்லும்படி. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் வெளியேறிய 2020-க்கு இந்தச் சட்டம்தான் பொருந்தும்.

ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தவருக்கு, அவரே விலகியிருந்தாலும் பணிக்கொடை உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளத்தில் ஏழு ஆண்டு இருந்தவருக்குச் சுமார் 60,600 ரூபாய் வரும். தாமதத்துக்கு வட்டி தனி. அவர்கள் யாரும் கேட்டு எழுதவில்லையே என்று செயலர் சொல்லக்கூடும். கேட்காவிட்டாலும் கணக்குப் பார்த்துத் தெரிவிக்க வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. பதினான்கில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் என்பது உங்கள் கணக்கு. ஒவ்வொரு மே மாதமும் ரிலீவ் செய்து ஜூனில் மறுபடி எடுத்ததாகக் காட்டியிருப்பதால், 'தொடர்ச்சி' என்ற இடத்தில் நிர்வாகம் தகராறு செய்யலாம். அதற்கு அந்த வருகைப் பதிவேடுகளோடு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். நான் மனநல ஆலோசகர். சட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டலாமே தவிர, வழக்கின் முடிவைச் சொல்ல முடியாது.

பணத்தைக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க நினைப்பதாக எழுதியிருப்பதை நான் ஆதரிக்கவில்லை. உங்கள் கையிலிருந்து வாங்கினால் அது அவர்களுக்குத் தர்மமாகிவிடும். அவர்களுக்கு உரியது சம்பளத்தின் மிச்சம். முதல்வர் என்ற முறையில் கல்லூரிக் குழுவில் நீங்களும் உறுப்பினர். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதை எழுத்தில் வையுங்கள். மறுத்தாலும் மறுத்தது மினிட்ஸில் பதிவாகட்டும். ஒன்பது பேரில் யாராவது ஒருவர் பின்னால் தொழிலாளர் துறைக்குப் போனால் அந்தப் பக்கம் அவருக்கு உதவும்.

நிர்வாகத்தைக் கேட்காமல் நீங்களே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது, அம்மா. மே 31 வரை உங்கள் கையெழுத்து செல்லும். பதினான்கு பேருக்கும் பணி அனுபவச் சான்றிதழ் போயிருக்கிறதா? தேதிகள் சரியாக இருக்கின்றனவா? வேறு கல்லூரி நேர்காணலிலும் அரசு வேலை விண்ணப்பத்திலும் முதலில் கேட்பது அதைத்தான். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தின் மேலொப்பத்துக்கு அலைய வேண்டிவந்தால் அந்தக் கடிதமும் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். சேர்ந்தபோது வாங்கி வைத்த அசல் சான்றிதழ் யாருடையதாவது ஆபீஸ் பீரோவில் கிடக்கிறதா என்று சூப்பரின்டெண்டைப் பார்க்கச் சொல்லாமல் நீங்களே திறந்து பாருங்கள். பிஎஃப் போர்ட்டலில் அவர்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏறாததால் பணத்தை எடுக்கவும் மாற்றவும் முடியாமல் அல்லாடியவர்களை நான் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம் அலைந்தும் கிடைக்காத ஒரு தாள், உங்களுக்கு அரை மணி நேர வேலை.

அதற்குப் பிறகுதான் மன்னிப்பு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கல்லூரிக்கு வரச் சொல்லாதீர்கள். பிரிவுபசார விழாவுக்கு அழைக்காதீர்கள், ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். 'மேனேஜ்மென்ட்டில் சொன்னார்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 'கையெழுத்து நான் போட்டேன். மறுத்து ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை' என்று சொன்னால் போதும். சிலர் அழுவார்கள், சிலர் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள். ஒருவர் கதவைச் சாத்தினாலும் சான்றிதழைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

பெயரும் பேச்சும்

அரங்கத்துக்கு உங்கள் பெயர் வேண்டாம் என்று இப்போதைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அதற்குத் தகுதியில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. 180 பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள், அது சின்னக் காரியமா? ஆனால் அந்தப் பதினான்கு பேரில் இரண்டு பேருடைய மகள்கள் இப்போது உங்கள் கல்லூரியிலேயே படிக்கிறார்கள் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவுக்கு அந்த அம்மாக்கள் அந்தப் பலகையின் கீழேதான் நுழைய வேண்டும். அவர்கள் கணக்கு தீர்ந்த பிறகும் கல்லூரிக்கு அந்த எண்ணம் இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிரிவுபசார உரையில் உண்மைகளை உடைப்பது வேண்டாம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், அடுத்த வாரம் வம்பு மட்டும் மிஞ்சும். சொல்ல வேண்டியதை அடுத்த முதல்வருக்கு ஒரு குறிப்பாக எழுதுங்கள். எந்த ஆடிட் ஆட்சேபணை நிலுவையில் இருக்கிறது, எந்தக் கட்டட ஒப்பந்தத்தில் கவனம் தேவை, எந்த இடத்தில் நீங்கள் தவறு செய்தீர்கள் என்று பத்துப் பக்கம். சார்ஜ் ஒப்படைக்கும் அன்று அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் கிளப்பினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. நீங்கள் 1.4.2003-க்கு முன்னால் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். உதவி பெறும் பணியிடத்துக்கு ஓய்வூதியம் தருவது அரசு. நிர்வாகத்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் முதல்வரின் கோப்பைச் செயலர்தான் அனுப்ப வேண்டும் என்பதால் தாமதப்படுத்த முடியும். அதனால் பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, பென்ஷன் புரபோசலை இந்த மாதமே அனுப்ப வையுங்கள். அப்புறம் அஜெண்டாவைக் கொடுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக மூன்றரைக்கு விழிப்பது, பசி குறைந்தது, 'ஜூன் ஒன்றாம் தேதி எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியவில்லை' என்ற வரி இவற்றை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெறுவதன் வருத்தம் என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அவரே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 எந்த நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அந்த ஜெராக்ஸ் கடைக்கு எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பதினான்கில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளாதீர்கள், முதலில் போங்கள். காலையில் புராஜெக்ட் பைண்டிங்குக்கு மாணவிகள் கூட்டம் இருக்கும், உங்களைப் பார்த்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அவரால் எதுவும் பேச முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். காரை உள்ளேயே விட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி நடந்து போங்கள்.